பதினொன்று நாற்பத்தேழு

எனக்குத் தெரிந்த துணுக்குகளில்
யாரும் லேசில் நம்பாதது இது:
சிங்கப்பூரில் ஓர் இரவு
அரைமணி நேரம் நடக்கவே இல்லை.

எண்பத்தொன்று, டிசம்பர் முப்பத்தொன்று.
பதினொன்றரையைத் தொட்ட கடிகாரத்துக்கு
அடுத்த நொடி பன்னிரண்டு.
மின்வெட்டு இல்லை, இடி இல்லை,
முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள்.
அதனால்தான் இன்றும் நம் உச்சிவெயில்
ஒரு மணிவாக்கில் வருகிறது.
உணவங்காடி வரிசையில்
அவரவர் நிழலை அவரவர் மிதித்து நின்றபோது
கோக் வெங்கிடம் இதைச் சொன்னேன்.
"அப்போ நாம சரியான நேரத்துலதான் சாப்பிடுறோம்"
என்றான். கோழிச் சோறு தீர்ந்துவிட்டிருந்தது.

அன்றிரவு காவலுக்கு நின்றவர்களுக்கு
பன்னிரண்டு மணிச் சம்பளமா, பதினொன்றரையா?
கேட்ட யாருக்கும் தெரியவில்லை.

அந்த இல்லாத அரைமணியில்தான்
கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில்
நான் பிறந்தேன்.

சுவரில் பன்னிரண்டு பதினேழு.
நடைவழியில், முள்ளைத் திருப்ப மறந்த
அப்பாவின் கையில் பதினொன்று நாற்பத்தேழு.
தாதி சுவரைப் பார்த்து எழுதினார்.
அப்பா கையைப் பார்த்து
சிகரெட் அட்டையின் உள்பக்கம் எழுதினார்.
அடையாள அட்டையில் என் எண்
எண்பத்திரண்டில் தொடங்குகிறது.
சிகரெட் அட்டையில் நான்
ஒரு வருடம் மூத்தவன்.

1147, 1217.
இரண்டுக்கும் வாராவாரம் நாலு நம்பர் கட்டினார்,
ஆளுக்கொரு வெள்ளி.
முப்பது வருடம்.
ஆறுதல் பரிசுகூட எட்டிப் பார்க்கவில்லை.
கூட்டினால் ஏழாயிரமோ எட்டாயிரமோ வரும்;
அதற்கு இந்த ஊரில் கார் வராது,
கார் வாங்க அனுமதிக்கும் தாளில்
ஒரு மூலை வரலாம்.

கைபேசியில் ஜாதகச் செயலி ஒன்றை இறக்கி
அப்பாவின் நேரத்தைக் கொடுத்தேன்.
செல்லாத நேரம், என்றது சிவப்பில்.
உலகத்துக் கடிகாரங்கள் செய்த குளறுபடியையெல்லாம்
கணினிக்காரர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்களாம்.
நாம் மறந்த அரைமணியை
அது மறக்கவில்லை.
சிராங்கூன் சாலை ஜோதிடர் மட்டும் அசரவில்லை:
"சூரியனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி.
கட்டணமும் ஒண்ணுதான்."

பள்ளிக்கூடத்துக்கு வேறு பஞ்சாங்கம்.
ஜனவரி ஒன்றில் பிறந்த பிள்ளையை
போன வருடத்தோடு சேர்த்துவிடும்.
எண்பத்தொன்றுகளுக்கு நடுவே
ஒற்றை எண்பத்திரண்டாய் உட்கார்ந்தேன்.
வகுப்பே தம்பி என்றது.
முதலில் அப்படிக் கூப்பிட்டவள் சுபாஷிணி,
மார்ச் மாதக்காரி.

இருபது வருடம் கழித்து அவளைப் பெண் கேட்டபோது
"தம்பியையா?" என்றாள்.
அப்பா பேசவில்லை.
மஞ்சளேறிய அட்டையை எடுத்து
மேசைமேல் வைத்தார்,
வக்கீல் சாட்சியத்தை வைப்பதுபோல.
அவள் படித்தாள். சிரித்தாள்.
"ஒரே வருஷம்தான். ஆனா மார்ச் முன்னாடி வரும்."
இன்றுவரை அந்த வாதத்தில்
எனக்குப் பதில் இல்லை.

போன செவ்வாய், பலதுறை மருந்தகம்.
மாலை நாலரை. தாதி ஹஸ்லிண்டா
என் உயரத்தை நூற்று எழுபது என்றார்.
காலையில் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் கூடும்,
பகல் முழுக்க நம் முதுகெலும்பு அமுங்குகிறது, என்றேன்.
"அப்போ காலையில வந்து
திரும்பப் பணம் கட்டுங்க," என்றபடி
நூற்று எழுபதையே தட்டினார்.

கடைசியில் அம்மாவைக் கேட்டேன்,
இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை
என்று தெரியாமல்.

"மணியா?
வலியில கிடந்தவளுக்கு ஏதுடா மணி.
மேல மின்விசிறி ஓடிச்சு.
மூணு இறக்கை.
ஒண்ணுல மட்டும் தூசி தட்டாம விட்டிருந்தாங்க.
அது சுத்திச் சுத்தி வந்துச்சு,
நீ வர்ற வரைக்கும்."