பதினோராம் பக்கம்

மாமுகா எழுதிய பாட்டில்
அயல்வீட்டார் எல்லாரும் ஆடினார்கள்.
ஆகவே நானும் ஆடவிட்டேன்:
கம்பளித் தொப்பியில் ஒருவன்,
இடுப்பில் குறுவாளோடு ஒருவன்,
செவ்வாடையில் ஒருத்தி,
வெள்ளை முக்காட்டில் ஒருத்தி.
எட்டுக் கைகள்.
எட்டும் வானத்தைப் பார்த்து.

அச்சுக்கு அனுப்புமுன்
அவ்லபாரி நூலகத்துக்கு எடுத்துப்போனேன்.
ஈரக் காலுறையோடு பதினான்கு பிள்ளைகள்.
"இதுதான் நம் திபிலிசி" என்று
பக்கத்தை விரித்தேன்.

செவ்வாடைக்காரியைத் தொட்டு
"இது நீதானே?" என்றேன் ஷூஷானிடம்.
அவள் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள்.
லீலோ சந்தைச் சட்டை.
மினுக்குப் பொட்டுகளால் ஆன பூனை,
அதில் ஒரு கண் உதிர்ந்துவிட்டது.
"இல்லை" என்றாள், மரியாதையாக.

"இந்தத் தொப்பியோடு
பந்தை எப்படித் தலையால் முட்டுவான்?"
ராமிஸுக்கு உண்மையாகவே கவலை.

யாஸிதி வீட்டுப் பெண் ஸோஸான்
நெடுநேரம் படத்தில் எதையோ தேடினாள்.
"இவளுக்குப் பையே இல்லையா?
அப்புறம் எதில் போட்டுவைப்பாள்?"
எதை என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

கடைசி வரிசையில்
மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒருவன்:
"இவங்க யாருக்கும் சளியே பிடிக்காதா?"

இரவு முழுக்க அழித்தேன்.
குறுவாள் இருந்த இடத்தில்
தாள் கிழிந்தது.
வேறு தாள் எடுத்தேன்.

எங்கள் குடியிருப்பில்
காசு போட்டால்தான் லிஃப்ட் ஏறும்.
இருபது தெத்ரி.
அதையே வரைந்தேன்:
கதவைக் காலால் தடுத்து நிற்கும் ராமிஸ்,
கக்கத்தில் பந்து.
சில்லறைக்காகப் பள்ளிப்பையைக் கவிழ்க்கும் ஷூஷான்.
சளிக்காரன் கண்ணாடியில் ஆவி ஊதி
தன் பெயரின் முதல் எழுத்தைக் கிறுக்குகிறான்.
ஸோஸானின் கோட்டுக்கு
இரண்டு பைகள். ஒன்று புடைத்திருக்கிறது.

மாமுகா போனில் கத்தினார்:
"என் பாட்டில் லிஃப்ட் எங்கே வருகிறது?
அவர்கள் ஆடுகிறார்கள், அம்மா, ஆடுகிறார்கள்!"
"எங்கள் லிஃப்டில் ஒருமுறை ஏறிப் பாருங்கள்" என்றேன்.
"ஐந்தாவது மாடி வரைக்கும் ஆடும்."

அவர் சிரிக்கவில்லை.
ஆனால் மறுநாள் ஒரு வரி குறைந்து வந்தது பாட்டு.
முக்காடு இருந்த வரி.

புத்தகம் வந்த வாரம்
மறுபடி அதே நூலகம், அதே ஈரக் காலுறைகள்.
அந்தக் கோட்டுப்பையை
ஸோஸான் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.
"உள்ளே என்ன?" என்றான் ராமிஸ், எட்டிப் பார்த்து.

உள்ளங்கையால்
மூடிக்கொண்டாள்.