கீழ்வீட்டுக்காரருக்கு

லுடோமிர்,
திங்கள் இரவு பத்தே முக்காலுக்கு நீர் வந்தீர்.
உமக்கு முன்பே உமது வீட்டுக்கு
என் வீட்டு நீர் வந்துவிட்டிருந்தது.
கையில் ஒரு சூப்புக் கிண்ணம்,
அதில் அத்தாட்சிக்கு அரைக் கிண்ணம் அழுக்குத் தண்ணீர்.
"உம் சமையலறை என் கூரையில் சொட்டுகிறது" என்றீர்.
வணக்கம் கூடச் சொல்லவில்லை.
நானும்தான்.

தோருன் நகரமே உறைந்து கிடந்த வாரம் அது.
விஸ்லா ஆறு அசையவில்லை,
பாலத்தின் கீழே வாத்துகள் நடந்துபோயின.
ஓடியது
என் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றுதான்.

டிராம் ஓட்டுகிறவள் நான்.
பிரேக்கின் கிறீச்சு கால் சுருதி மாறினாலும்
எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடுவேன்.
இதற்குக் காது உதவவில்லை.
எப்போதும் போலவே முனகியது,
ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி.

மின்சாரத்தைப் பிடுங்கி, குழாயைத் திருகி மூடி,
கீழ்ப்பலகையைக் கழற்றினேன்
(இரண்டு திருகாணி, ஒன்றுக்குத் தலை தேய்ந்து போயிருந்தது).
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்தால்
உள்ளே ஒரு செத்த சிலந்தி,
இரண்டு க்ரோஷ் காசு,
போன ஈஸ்டரிலிருந்து தேடும் கேக் முள்கரண்டி.
காரணத்தை மட்டும் காணோம்.

மறுநாள் விடுப்பு.
தண்ணீர் வரும் ஹோஸில் காகிதக் கைக்குட்டை சுற்றினேன்: காய்ந்தே இருந்தது.
போகும் ஹோஸின் கிளிப்பை விரலால் தடவினேன்: அதுவும்.
கதவு ரப்பரை வினிகரால் துடைத்து,
நடுவில் டிராம் கால அட்டவணை ஒன்றைச் செருகி மூடி இழுத்தேன்.
அட்டவணை கிழிந்தது, ரப்பர் விடவில்லை.
இனி யாரைச் சந்தேகிக்க?

அப்போதுதான் பீட்ரூட்.
முந்தின நாள் பார்ஷ்சிலிருந்து ஒரு கோப்பைச் சாறு
தொட்டிக்குள் ஊற்றிவிட்டு ஓடவிட்டேன்.
நீர் கீழே, அண்ணாந்து.
சூடேற்றும் குழாயைக் கரண்டியால் தட்டுவதாக ஏற்பாடு:
ஒரு தட்டு, காய்ந்திருக்கிறது.
இரண்டு தட்டு, சொட்டுகிறது.
எட்டு நிமிடம் ஒற்றைத் தட்டாக வந்தது.
ஒன்பதாவதில்
தட்டுவதை மறந்து கத்தினீர்,
மாடிப்படி முழுக்கக் கேட்டது:
"சிவப்பு!"

ஆக, குழாய்த் தண்ணீர் இல்லை, தொட்டித் தண்ணீர்.
நிரம்பியும் நிறுத்தத் தெரியாமல்
கதவின் அடி உதட்டில் வழிகிறது.
போதும் என்று சொல்ல உள்ளே ஒருவன் இருக்க வேண்டுமே.
இருந்தான்: வலது மூலையில்,
கவிழ்த்த மருந்துமூடி அளவில் ஒரு மிதவை.
தண்ணீர் ஏறினால் ஏற வேண்டும்,
ஏறினால் வால்வு அடைபட வேண்டும்.
நிமிண்டினேன். அசையவில்லை.
பல்குச்சியால் நெம்பியபோது
அடியிலிருந்து வந்தது
பசையும் கூழுமாய் ஒரு காகிதம்.
விரித்தேன். மை அழியவில்லை.

...ளம் ஜாம்.
டிசம்பர்.
அன்புடன் இரண்டாம் மாடி லுடோ...

கிறிஸ்துமஸுக்கு நீர் தந்த மூன்று ஜாடிகள்.
வெறும் ஜாடியை அழுக்காகத் திருப்பித் தரக்கூடாதென்று
லேபிளோடு கழுவப் போட்டவள் நான்.

மூச்சு வாங்க மேலே ஏறி வந்து
"எது காரணம்?" என்று கேட்டீர்.
தாளை ஏப்ரன் பைக்குள் திணித்தபடி
"நீர்தான்" என்றேன்.
"நீர்தான் என்று எனக்கும் தெரியும்,
அது எங்கிருந்து வந்தது?"
"இரண்டாம் மாடியிலிருந்து" என்றேன்.
நான் குழம்பிவிட்டதாக நினைத்து
ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டீர்.

மிதவை இப்போது டிக் என்று ஏறி டிக் என்று இறங்குகிறது.
தரையில் விரித்த செய்தித்தாள் மூன்று கழுவலுக்கும் நனையவில்லை.
கழுவிய ஜாடிகளை உமது கதவோரம் வைத்திருக்கிறேன்,
அடுத்த முறை மூடியில் எழுதும்.

உமது கூரையில் பீட்ரூட் கறை
ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருப்பது போல இருக்கிறது.
பெயின்ட் செலவுக்கு இந்த உறையில் பணம் வைத்திருக்கிறேன்.
எண்ணிப் பாரும், பாதிதான் இருக்கும்.
மீதிப் பாதிக்கு
உறையின் அடியில் காய்ந்த துண்டுத் தாள் ஒன்று.
கையெழுத்து உமக்குத் தெரிந்ததுதான்.

போக்னா,
மூன்றாம் மாடி