பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே

ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறு மில்லிமீட்டர்.
வளைவில் இரண்டு மூன்று கூடலாம்.
அதற்கு மேல் போனால் நோட்டில் சிவப்பு மை.

காலை ஐந்தரை, சுரங்க வாயில்.
வெளியே சாரல்.
உள்ளே இன்னும் நேற்றைய ராத்திரி.
தங்கச்சன் சுத்தியலால் கிளிப்பைத் தட்டுகிறார்.
அந்தச் சத்தம் முன்னால் நடந்துபோய்
கேரளத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது.

கேஜ் கோலைக் குறுக்கே வைக்கிறேன்.
இதே சொல்லை முதல்முதல் பார்த்தது
திருநெல்வேலியில், எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம்,
கரும்பலகையில்.
கேஜ் புலம். கேஜ் சமச்சீர்.
"ரயில்வே பாடமாட்டீ இது?" என்றாள் மீராள்.
சிரித்ததற்கு இரண்டு பேரும் வராந்தாவில் நின்றோம்.
ஜன்னல் வழியாகத்தான் கேட்டேன் மிச்சத்தை:

எலக்ட்ரானுக்குள் ஒரு முள் இருக்கிறது,
கடிகார முள் மாதிரி.
பன்னிரண்டு எந்தப் பக்கம் என்று
யாரும் அதற்குச் சொல்லி அனுப்பவில்லை.
எல்லா முள்ளையும் சேர்த்து ஒரே அளவு திருப்பினால்
உலகத்துக்குத் தெரியவே தெரியாது.
ஆனால் ஊருக்கு ஊர்
தன் இஷ்டத்துக்குத் திருப்பிக்கொண்டால்?
பகவதிபுரத்தில் ஒரு பன்னிரண்டு,
ஆரியங்காவில் வேறு,
கழுதுருட்டியில் அதுவும் இல்லை.
கணக்கு தடம் புரளும்.
புரளாமல் இருக்கவேண்டுமென்றால்
ஊருக்கும் ஊருக்கும் நடுவே
வித்தியாசத்தைச் சுமந்துகொண்டு
ஏதாவது ஒன்று ஓடியாகவேண்டும்.
அப்படி ஓடுவதற்குப் பெயர்
வெளிச்சம்.

அன்றைக்கு நம்பவில்லை.
பரீட்சையில் எழுதினேன், மார்க் வந்தது.

"பட்டி வருந்நு" என்கிறார் தங்கச்சன்.
சுரங்கத்துக்குள் எந்தப் பட்டி வரும்,
கம்பளிப்பட்டியா, சின்னப்பட்டியா என்று
ஒரு நொடி ஊர் தேடிவிட்டேன்.
டார்ச் அடித்தார்.
இரண்டு பச்சைக் கண்கள்.
நாய்.

மலைக்கு அந்தப் பக்கம் அந்தச் சொல்லுக்கு
முள் வேறு திசை.
எனக்கும் அவருக்கும் நடுவே
வித்தியாசத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது
டார்ச் வெளிச்சம்தான்.
வராந்தாவில் நிற்கவைத்தவரிடம்
இப்போது போய்ச் சொல்லலாம், நம்புகிறேன் என்று.

ஓடுகிற எல்லாவற்றாலும் இவ்வளவு தூரம் வரமுடியாது.
வெற்றிடம் என்று நாம் சொல்வது
முழுக்கச் சாரல்.
நனைந்தவை கனக்கின்றன,
புளியரை செக்போஸ்ட் லாரி மாதிரி
அணுக்கருவின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.
வெளிச்சம் மட்டும் அந்தச் சாரலில் நனையாது.
நனைந்திருந்தால்
டார்ச்சின் கண்ணாடியைத் தாண்டுவதற்குள்
தீர்ந்துபோயிருக்கும்.
நாயும் வந்திருக்காது, இருட்டுதான் வந்திருக்கும்,
நான்கு காலில்.

மீராள் இப்போது ஹாம்பர்க்கில்.
அவளும் ஓர் அகலத்தைத்தான் அளக்கிறாளாம்,
இசட் என்கிற துகளின் அகலம்.
சீக்கிரம் சாகிறதால் அதற்கு அகலம் அதிகம்.
அங்கே அகலம் என்றால் சாவின் வேகம்;
இங்கே அகலம் தப்பினால்தான் சாவு.
மாதத்துக்கு ஒரு தடவை கேட்பாள்:
உன்னுடையது எவ்வளவுடீ?

தண்டவாளம் முனகத் தொடங்குகிறது.
சுவரில் குடைந்த பொந்துக்குள் ஒதுங்குகிறோம்,
தங்கச்சன், நான்,
கால்களுக்கு நடுவே ஈர நாய்.
ரயில் போகிறது.
ஒவ்வொரு ஜன்னலும் எங்கள் முகத்தில்
ஒரு வெளிச்சத் துண்டை வைத்து எடுக்கிறது,
வைத்து எடுக்கிறது,
கடைசிப் பெட்டிக்குப் பிறகு
எடுத்தது மட்டும் மிஞ்சுகிறது.

நோட்டில் எழுதுகிறேன்:
ஆயிரத்து அறுநூற்று எழுபத்தெட்டு. வளைவு. சரி.
தங்கச்சன் மலையாளத்தில் எழுதுகிறார்.
அவருடைய எட்டும் என்னுடைய எட்டும்
ஒன்றுதான்.

பேர் இல்லாத பட்டி
எந்த வாய் வழியாக வெளியே போனது
என்று இரண்டு பேரும் குறிக்கவில்லை.