தொண்ணூறுக்குக் கொஞ்சம் மேலே

ஒன்பது மூலைகள். ஒன்றுகூடத் தொண்ணூறு இல்லை.
லைல் அளந்து, காகித நாடாவில் எழுதி
சுவரில் ஒட்டிக்கொண்டே போனான்:
தொண்ணூற்றொன்றரை. எண்பத்தெட்டு.
குளியலறைத் திருப்பத்தில் தொண்ணூற்றுமூன்று,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

கோணம் பள்ளிக்கூடத்துச் சரக்கு.
கோணல்தான் வீடு.

தரையை இழைத்து மெருகு போட்ட வருஷம்
அடிப்பலகை முழுக்கப் பெயர்த்தெடுத்தோம்.
ஒரு மாதத்தில் திரும்ப அடித்துவிடலாம் என்றான்.
டுலூத்தின் நாலு குளிர்காலம் போயிற்று.
சுவருக்கும் தரைக்கும் நடுவே விரற்கடை இருட்டு;
பென்சில், சில்லறை, பூனையின் பந்து,
ஏரியிலிருந்து வரும் காற்று
எல்லாவற்றுக்கும் அங்கேதான் குடித்தனம்.

ஜனவரியில், தெருப் பனி தள்ளிய
ஓவர்டைம் பணம் என் கைக்கு வந்தது.
கடைக்குப் போனோம்.

ஆர்வில் என்று சட்டையில் எழுதியிருந்தது.
ரம்பத்தைப் பற்றி அவர் போட்ட ரம்பத்துக்கு
எண்பது பல்.
பத்து அங்குலமா, பன்னிரண்டா;
தலை ஒரு பக்கம் சாய்வதா, இரு பக்கமுமா;
தண்டில் சறுக்கி வருவதா, நின்ற இடத்தில் இறங்குவதா.
பன்னிரண்டங்குலச் சறுக்கு ரம்பத்தின் கைப்பிடியை
லைல் விடவேயில்லை,
சந்தையில் குதிரையின் கடிவாளம் பிடித்தவன் மாதிரி.
அறுநூற்று நாற்பது டாலர். வரி தனி.

நான் கேட்டது ஒன்றுதான்:
இதற்குப் பின்னால் எவ்வளவு இடம் வேண்டும்?
ஆர்வில் கையை நீட்டிக் காட்டினார்.
எங்கள் கராஜில் சரியாக அந்த நீளத்தில்
பனி ஊதும் இயந்திரம் நிற்கிறது.
ஏப்ரல் வரை அதை யாரும் அசைக்க முடியாது.

காரில் அவன் பேசவில்லை.
ஏரிமேல் ஆவி. கப்பல் இல்லாத துறை.
"ஐந்தேகால் அங்குலப் பலகை," என்றான் கடைசியில்,
"பத்தில் நிமிர்ந்து நிற்காது."
"படுக்கப் போடு. ரம்பத்தைச் சாய்."
இரண்டு சிக்னல் கழித்து
"சாய்க்கலாம்தான்" என்றான்.

மேட்டுத் தெருவில் ஒரு பல் வைத்தியர்,
பெக்கா கொர்ஹோனென், தன்னுடையதை விற்றார்.
பத்து அங்குலம், சறுக்காதது, நூற்றுப்பத்து டாலர்.
இரண்டே தடவை ஓட்டியதாம்.
ஏன் விற்கிறீர்கள் என்றேன்.
"காலை எட்டிலிருந்து
இதே சத்தத்தைத்தான் கேட்கிறேன்."
லைல் அன்றைக்கு அப்போதுதான் சிரித்தான்.

இருபத்துநாலு பல் வட்டைக் கழற்றி
அறுபது பல் மாட்டினோம்.
மூலைமட்டம் வைத்துப் பூஜ்யத்தைச் சரிபார்த்தோம்.
பிறகு முதல் பலகையையே,
நீளம் சரி, சாய்வு சரி,
இடம் வலம் மாற்றி வெட்டினோம்.
அவன் பலகையைப் பார்த்தான்.
நான் பனி ஊதும் இயந்திரத்தைப் பார்த்தேன்.

உள்மூலைக்குச் சாய்வெட்டே வேண்டாமென்று
அப்புறம்தான் தெரிந்தது.
ஒரு பலகை நேராகப் போய்ச் சுவரில் முட்டட்டும்;
அடுத்ததன் முனையை, முதலாவதன் முகத்துக்குப் பொருந்த
வளைவு வளைவாகக் குடைந்தெடுக்க வேண்டும்,
நரம்பு போன்ற ஒரு கைரம்பத்தால்.
பதினாலு டாலர். மின்சாரம் கேட்காது.
சுவர் எண்பத்தெட்டோ தொண்ணூற்றொன்றரையோ
அதற்கு ஒரு பொருட்டில்லை.

ஒன்பதில் ஏழு, உள்மூலை.
மூன்று வாரம் அலைந்தது மிச்சம் இரண்டுக்கு.
இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை.
சூப் குடிக்கும்போது அவனே சொன்னான்.

இன்று விடிகாலை மூன்றுக்கு அழைப்பு: எட்டங்குலப் பனி.
விளக்குப் போடாமல் கூடத்தைக் கடக்கிறேன்.
காலுறைக்குள் கட்டைவிரல்
பலகையைத் தொட்டுக்கொண்டே வருகிறது.
குளியலறைத் திருப்பத்தில் மட்டும்
ஒரு தபால் அட்டை நுழையும் சந்து.
வெள்ளைப் பசை பூசினால் மறைந்துபோகும்.
லைல் தூங்குகிறான். சனிக்கிழமை சொல்லலாம்.

அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?
மற்ற எட்டு நாடாவையும் உரித்துவிட்டு
இந்த ஒன்றை விட்டுவைத்திருக்கிறான்,
கேள்விக்குறியோடு.