ஐஸில் வைத்து அனுப்பவும்

ஊதா மூடியில் பிளேட்லெட்.
வெளிர்நீல மூடியில் உறைய எடுக்கும் நேரம்.
மஞ்சள் மூடிக்குள் மற்ற எல்லாம்.

சுற்றி நின்றதும்
மேலே தெளியும் சீரம்
வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும்.
எத்திராஜுலுவினுடையது
சூரியநாராயணா தெருவில்
இன்னும் மாற்றாமல் விட்ட ஒரே ஒரு
சோடியம் விளக்கின் நிறம்.
பெயர் படிக்காமலே எடுத்து வைப்பேன்.

ராயபுரம். இரவு ஷிப்ட்.
ஏசி எந்திரத்துக்கு,
மின்விசிறி எனக்கு.

மார்ச்சில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
ஜூனில் தொண்ணூற்றாறு.
ஐம்பத்திரண்டுக்கு இறங்கிய வாரம்
அவர் ரத்த வாந்தி எடுத்தார்.
உணவுக்குழாயில் நரம்புகள் புடைத்திருந்தனவாம்,
ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்களாம்.
மார்ச்சிலேயே எனக்குத் தெரியும் என்று
சொல்லிக்கொள்ள மாட்டேன்.
எண்ணுக்குத் தெரிந்திருந்தது.
நான் அச்சடித்தேன்.

அளவு மீறினால் எந்திரம்
பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடும்.
முதல் சீட்டில் ஒன்று, ஆல்புமினுக்கு.
இப்போது பில்லிருபினுக்கு, சோடியத்துக்கு,
போன வாரத்திலிருந்து கிரியேட்டினினுக்கும்.
மகள் லோகேஸ்வரி ஜன்னலில் நின்று
நட்சத்திரம் இல்லாத வரியை
விரலால் தேடுவாள்.
"பொட்டாசியம் நல்லா இருக்குல்லக்கா?"
"இருக்கு."
"அப்போ மத்தது?"
"டாக்டர் சொல்வாரு."
பதினொரு மாதமாக
இதே மூன்று வரி.

ஒருநாள் மட்டும் கேட்காமலே சொன்னாள்:
"எங்கப்பா குடிக்கவே மாட்டாருக்கா.
எதிர் பெட்டுக்காரர்கூட சிரிக்கிறார்."
பி வைரஸ் என்று சீட்டிலேயே இருக்கிறது.
அந்தச் சாட்சியை
வார்டில் யாரும் கூப்பிடவில்லை.

நேற்று இரவு ஒன்றரைக்குப் போன்.
"அமோனியா ஒண்ணு அனுப்பணும், ஐஸ் இருக்கா?"
எங்கள் ஃபிரீசர் தீபாவளிக்கு முன்பே படுத்துவிட்டது.
வார்டு பாய் தேசிங்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு
காசிமேட்டுக்குப் போனான்.
ஏலத்துக்குப் படகு வரும் நேரம்,
அங்கே ஐஸுக்கா பஞ்சம்.
கறுப்பு கவரில் உடைத்த கட்டிகள்,
நடுவில் குழாய்,
குழாய்மேல் ஒட்டிய
ஒரு சங்கரா மீன் செதில்.
துடைத்துவிட்டு உள்ளே வைத்தேன்.

மாடியில் அவர் கட்டிலை விட்டு இறங்கி
கன்டெய்னர் தூக்கிக்கொண்டிருந்தாராம்.
துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன்.
"கை நீட்டுங்க" என்றால்
மணிக்கட்டு தானாகவே சிறகடிக்கிறது.
"லெவரை விடு, லெவரை விடு,
கப்பல் கிளம்புது" என்று
நர்ஸைத் திட்டியிருக்கிறார்.
பகலெல்லாம் தூக்கம்.

எண் வந்தது. இரு மடங்குக்கு மேல்.
போனில் சொன்னேன்.
"இந்த ஒரு நம்பரை மட்டும் நம்ப முடியாது,
ஆளைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்"
என்றார் டியூட்டி டாக்டர்.
சின்னப் பையன். தூக்கம் கெட்ட குரல்.
"பார்த்துட்டேன்" என்றார் பிறகு.
வேறெதுவும் சொல்லவில்லை.

மூன்றேகாலுக்கு ஜன்னலில் லோகேஸ்வரி.
பொட்டாசியத்தைக் கேட்பாள் என்று
சீட்டைத் திருப்பி வைத்திருந்தேன்.
"ஐஸ் எவ்ளோக்கா ஆச்சு?
தேசிங்கு அண்ணன் அவர் காசுல வாங்கினாராமே."
"பத்து ரூபா."
தேசிங்குக்கு மீன்காரர் சும்மா கொடுத்தது.
ஏன் பத்து என்றேன், தெரியவில்லை.
இலவசம் என்று சொன்னால்
நிற்க முடியாமல் போய்விடுவாள்போல் இருந்தது.
இருபது ரூபாய் நோட்டை உள்ளே தள்ளினாள்.
என்னிடம் சில்லறை இல்லை.
"நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று
மாடிப்படி ஏறினாள்.
நாளைக்கு என்ற சொல்லுக்கு
பக்கத்தில் நட்சத்திரம் போடும் எந்திரம்
எங்களிடம் இல்லை.

காலை ஆறு மணிப் பெட்டி.
இருபத்தெட்டுக் குழாய்கள்.
ஒவ்வொன்றாக நிறுத்துகிறேன்,
இந்த முறை பெயர் படித்து.
ஒன்பதாவது அவர்.
வெளிர்நீல மூடியை
மெதுவாகச் சாய்க்கிறேன்.
கட்டி இல்லை, ஓடுகிறது.
கையில் இன்னும்
மீன் ஐஸ் வாசனை.