பால் சங்கத்துச் சுவர்

பர்கூருக்குக் கிழக்கே, பால் சங்கத்துச் சுவர்.
பன்னிரண்டடி நீளம், எட்டடி உயரம்,
அடியில் ஒரு முழம் எப்போதும் ஈரம்.
மலையை எழுதச் சொன்னார்கள்.
எதிரேதான் இருக்கிறது, பார்த்து இறக்கினால் ஆயிற்று
என்று முன்பணம் வாங்கிவிட்டேன்.
நேரம் அந்தி என்று முடிவாயிற்று, பால் வரும் நேரம்.

கேன் கழுவ வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.
சப்பளம்மா மேட்டை முன்னால் கொண்டுவா,
மாடு நோவெடுத்தால் அவளிடம்தானே ஓடுகிறோம்.
கவுஸ் பாய் எதுவும் கேட்கவில்லை.
உச்சியில் பச்சைக்கொடி எந்தப் பக்கம் பறக்கும்
என்று மட்டும் சொல்லிப் போனார்:
ஆடியில் கிழக்கே, தையில் மேற்கே.
ஆடியையே வைத்துக்கொண்டேன்.
புளியமரத்தடி ஏழு கல்லுக்கு
ஏழு பொட்டு வெள்ளை.

மூன்றாம் நாள்தான் தகராறு, மலையோடு.
நடுவில் குவாரி வெட்டிய இடம்,
வெல்லக்கட்டியை உடைத்தெடுத்த மாதிரி
சாம்பலும் இளஞ்சிவப்புமாய் உள்சதை.
செயலாளர் முனிவெங்கடப்பா சொன்னார்:
"அதை மூடிடுப்பா.
எங்கப்பன் பாத்த மலையாப் போடு."

போடலாம். அழகாய்த்தான் இருக்கும்.
ஆனால் அந்த வெட்டு வழியாகத்தான்
தெரிகிறது காலனி:
நாலைந்து கூரை, தண்ணீர்த் தொட்டி,
மாதா கோயில் சிலுவை.
மலை முழுசாய் இருந்த காலத்தில்
இந்தப் பக்கத்துக்கு
அந்தப் பக்கம் இல்லை.

மூன்று மணிக்கு வெடி வைத்தார்கள்.
ஏணி அதிர்ந்தது.
காயாத வானத்தில் கல்பொடி வந்து ஒட்டியது.
மலைக்காக வயிறு எரிகிறது,
வெடித்தவனுக்கு நன்றி சொல்ல நாக்கு வரவில்லை.
முன்பணம் ஏற்கெனவே மளிகைக்குப் போயிருந்தது.
உடைந்த மலையையே எழுதினேன்.

மறுநாள் விடியுமுன் டார்ச் அடித்துப் பார்த்தார் செயலாளர்.
ஒன்றும் பேசவில்லை. மீதிப் பணமும் தரவில்லை.
பெயிண்ட் காய்வதற்குள் யாரோ
சப்பளம்மாவுக்கு மஞ்சள் தடவியிருந்தார்கள்.

வரிசையின் கடைசியில்
இரண்டு லிட்டர் தூக்கோடு மரியநேசம்.
வெட்டுக்குள் விரல் நீட்டி, தொடாமல்,
வெகுநேரம் வீடுகளை எண்ணினாள்.
"சிலுவையில எடது கை டியூப்லைட்டு
கார்த்திகையிலேருந்து எரியறதில்லைங்க.
நீங்க ரெண்டும் எரியற மாதிரி போட்டிருக்கீங்க."

அணைச்சிரட்டுமா என்றேன்.

"இருக்கட்டும்.
பாத்தாவது யாராச்சும் மாத்துவாங்க."

தூக்கை நீட்டினாள்.
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று
என்றது மெஷின்.