நிற்கட்டும்

எனக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை.
நான்காவதாக வந்தவனுக்கு
தோக்தோசுன் என்று பெயர் வைத்தார்கள்.
எங்கள் பேச்சில் அதற்கு ‘நிற்கட்டும்’ என்று பொருள்.
சாவு இத்தோடு நிற்கட்டும்,
பிள்ளை நிலைத்து நிற்கட்டும்.
இரண்டும்தான்.

பேரவைக் கட்டடத்தின் நிலவறையில்
பத்தொன்பது வருடமாகத் தச்சன் நான்.
ஆடும் நாற்காலி, இறுகிப்போன கதவு,
பேச்சின் உச்சத்தில் யாராவது ஓர் உறுப்பினர்
ஓங்கிக் குத்திப் பிளந்த மேசைப் பலகை.
தெற்கு மலையின் வால்நட் மரம் அது,
கிடைப்பதே பாடு.
திட்டிக்கொண்டேதான் ஒட்டுவேன்.
பசை காய்வதற்குள் அடுத்தது பிளக்கும்.

ஒரு வசந்தத்தில் தாள் வந்தது:
முப்பது இருக்கைகளைக் கழற்றவும்.
சட்டத் திருத்தமாம். செலவு மிச்சமாம்.
இருக்கைக்கு நான்கு திருகாணி,
ஆக நூற்றிருபது.
துளைகள் தெரியாதிருக்கக் கம்பளம் விரித்தார்கள்.
மேலே நடந்தால் இன்றும்
என் குதிகாலுக்குத் தெரியும்
எது யார் இடம் என்று.
அதன்பிறகு தீர்மானங்கள்
தேநீர் ஆறுமுன் நிறைவேறின.
வருடம் முழுக்க ஒரு மேசைகூட உடையவில்லை.
எனக்கு வேலை குறைந்தது.

இரண்டாவது தாள் எதிர்க் கட்டடத்துக்கு.
ஒன்பது நீதிபதிகள் இனி ஐந்து பேர்.
குல்பார்ச்சின் அம்மையாரின் நாற்காலியை எடுக்கப் போனேன்.
அதில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.
“இன்னும் ஒரு பத்தி” என்றார்.
தாழ்வாரத்தில் காத்திருந்தேன்.
வெளியே பாப்ளர் மரங்களின் பஞ்சு
வெயிலில் தப்பிவந்த பனிபோல் பறந்தது.
அந்த மாறுபட்ட தீர்ப்பை யாரும் அச்சிடப்போவதில்லை.
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
ஒரு பத்திக்கு மூன்று மணி நேரம் பிடித்தது.
எழுந்தவர், உட்கார்ந்த இடத்தை
உள்ளங்கையால் துடைத்துத் தந்தார்,
விருந்துக்கு வந்த வீடுபோல.

பிறகு தாள் வருவதும் நின்றது.
தொலைபேசிதான்.
“அதிபர் சொல்கிறார்” என்று ஒரு குரல் சொல்லும்.
அவர்தான் சொன்னாரா என்று
யாரைப் போய்க் கேட்பது?

பனிக்காலத்தில்
அமைச்சரவைக் கூடத்துக்கும் அவர் அறைக்கும்
நடுவிலிருந்த சுவரை இடித்தார்கள்.
பாரம் தாங்கும் சுவர் அது.
பொறியாளர் எர்கின்பாய்க்குத் தெரியாதா?
வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
“நல்ல காற்றோட்டம்” என்றார்.

அங்கே போட்ட புது மேசை ஏழு மீட்டர்.
பனி கரைந்ததும் ஆட ஆரம்பித்தது.
மட்டம் வைத்துப் பார்த்தேன்.
மேசையில் கோளாறில்லை,
தரை சரிகிறது என்றேன்.
அறையில் பதினான்கு பேர்.
ஒருவரும் மூச்சு விடவில்லை.
கடைசியில் செயலாளர் என் காதருகே வந்து,
“மேசையைச் சரிசெய்.
ஐயா ஒற்றைக் காலில் நிற்கிறார்” என்றார்.

ஒரு காலை விரற்கடை அறுத்தேன்.
அந்தப் பக்கம் தாழ்ந்தது.
மறு காலை அறுத்தேன்.
இந்தப் பக்கம் தாழ்ந்தது.
சாயங்காலம் ஐயாவின் முழங்கால்
மேசைக்கடியில் நுழையவில்லை.
நாற்காலியையும் அறு என்றார்கள்.
அறுத்தேன்.
நானும்தான் அறுத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

மார்ஷ்ருத்கா நெரிசலில் நின்றபடியே வீடு வந்தேன்.
அலமாரியில், ஜாம் பாட்டிலில்,
எண்ணெயில் ஊறிக் கிடக்கின்றன
அந்தத் திருகாணிகள்.
“ஆப்ரிகாட் பழுக்கப்போகிறது,
பாட்டிலைக் காலிபண்ணு” என்றாள் சைராகுல்.
வேறு பாட்டில் வாங்கித் தருகிறேன் என்றேன்.
“இதெல்லாம் எதற்கு?”
பதில் சொல்லாமல்
செய்தித்தாளில் கொட்டி எண்ணினேன்.
இரண்டு தடவை எண்ணினேன்.
நூற்றுப் பத்தொன்பது.

மிச்சம் ஒன்று
அங்கேதான் எங்கோ
கம்பளத்துக்கடியில் இருக்கவேண்டும்,
கூர் மேல்நோக்கி.